மாநில அடைவுத் தேர்வில் நிலைகளை வரையறுப்பது எப்படி: காரைக்குடியில் குழு கூட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பது பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத பாட்டிக்கும் தெரிந்த செய்தி. ஆனால் 35 எடுத்த மாணவருக்கு என்ன தெரியும், 34 எடுத்தவருக்கு என்ன தெரியாது என்று கேட்டால், விடைத்தாள் திருத்திய ஆசிரியராலும் பதில் சொல்ல இயலாது. அந்த எண் வினாத்தாளைப் படித்துப் பார்த்து வைத்த எண் அன்று. தாள் கடினமாக அமைந்த ஆண்டிலும் 35, எளிதாக அமைந்த ஆண்டிலும் 35. சான்றிதழ் தரும் தேர்வுக்கு இப்படி ஒரு நிலையான எண் நிர்வாக வசதியாக இருக்கலாம். மாநிலம் முழுவதும் ஒரே தாளைக் கொடுத்து, எத்தனை குழந்தைகள் கற்றலில் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்று அறிவதற்காக நடத்தப்படும் அடைவுத் தேர்வுக்கு அது உதவாது. அங்கே ஒவ்வொரு நிலையும் முதலில் சொற்களில் எழுதப்பட வேண்டும். கட்-ஆஃப் மதிப்பெண் அந்தச் சொற்களிலிருந்துதான் வர வேண்டும்.

2021 நவம்பரில் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடந்த தேசிய அடைவு ஆய்வு, மாணவர்களை நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டியது. தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்குத் தன் சொந்த அடைவு ஆய்வை நடத்தியது. இத்தகைய ஆய்வுகளின் அறிக்கை வந்ததும் மாவட்டங்களின் வரிசையைப் பார்ப்பவர்கள் பலர். ‘அடிப்படை’ என்ற கோடு எங்கே, யாரால், எப்படிப் போடப்பட்டது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கோட்டைப் போடும் வேலையைப் பற்றியதே இந்த வழிகாட்டி. ஆசிரியர் பயிற்றுநர்கள், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள், குழுவுக்கு அழைக்கப்படும் வகுப்பாசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாநிலம் ஒரே குழுவைக் கூட்டினாலும், மண்டலம்தோறும் இணையாகக் குழுக்களைக் கூட்டிப் பின்னர் ஒப்பிட்டாலும் செயல்முறை ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்காக, காரைக்குடியில் கூடும் ஒரு மண்டலக் குழு, எட்டாம் வகுப்புக் கணக்கு, ஒரு மதிப்பெண் கொள்குறி வினாக்கள் 40 என்று வைத்துக்கொள்வோம்.

நிலைகளைச் சொற்களில் எழுதுதல்

எத்தனை நிலைகள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிலைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகக் கோடுகள் தேவைப்படும். நான்கு நிலைகளுக்கு மூன்று கோடுகள். 40 வினாக்கள் கொண்ட தாளில் ஐந்தாறு கோடுகளைத் திணித்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே நாலைந்து மதிப்பெண்களே மிஞ்சும். ஒரு மாணவர் காய்ச்சலோடு எழுதினாலே நிலை மாறிவிடும். ‘அடிப்படைக்குக் கீழ்’, ‘அடிப்படை’, ‘போதிய நிலை’, ‘உயர்நிலை’ என்ற நான்கு போதும் என்பது என் கருத்து. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பழகிப்போன அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்களை இங்கே கொண்டுவர வேண்டாம். அவை வகுப்பறையில் அவ்வப்போது மதிப்பிட்டு, அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளும் குழுக்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ நடக்கும் மாநில ஆய்வுக்கு அதே பெயரைச் சூட்டினால், குறிப்பேட்டில் ‘மலர்’ என்று இருக்கும் குழந்தை அறிக்கையில் ‘மொட்டு’ ஆகிவிடுவதற்குப் பெற்றோரிடம் விளக்கம் சொல்ல முடியாது.

பெயர் ஒன்றாக இருப்பதால் தரம் ஒன்றாகிவிடாது என்பதற்கு அமெரிக்க அனுபவம் தக்க சான்று. 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, ஒவ்வொரு மாநிலமும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடத்தி, முடிவுகளைக் குறைந்தது மூன்று நிலைகளில் தர வேண்டும் என்றது. கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. அந்நாட்டுக் கல்விப் புள்ளியியல் மையம் பின்னர் மாநிலங்களின் கோடுகளைத் தேசியத் தேர்வின் அளவுகோலில் வைத்து ஒப்பிட்டபோது, ஒரே பெயருள்ள நிலை ஒரு மாநிலத்தில் மிக உயரத்திலும் இன்னொன்றில் மிகத் தாழ்விலும் இருந்தது தெரியவந்தது.

நிலை விளக்கங்களைக் கற்றல் விளைவுகளின் பட்டியலிலிருந்து, அதாவது அந்த வகுப்பு மாணவர் எவற்றைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியலிலிருந்து, எழுத வேண்டும். ‘ஓரளவு அறிவார்’, ‘நன்கு புரிந்துகொள்வார்’, ‘சிறப்பாகச் செய்வார்’ போன்ற தொடர்கள் வந்தால் அடித்துவிடுங்கள். அவற்றை வைத்து எந்த வினாவையும் மதிப்பிட முடியாது. மாணவர் செய்யக்கூடியதையும் தடுமாறும் இடத்தையும் பெயரிட்டுச் சொல்வதே விளக்கம். ‘போதிய நிலை’க்கு இப்படி எழுதலாம்: “நீளமும் அகலமும் ஒரே அலகில் தரப்பட்டால் செவ்வகத்தின் பரப்பைக் காண்பார். சதவீதக் கணக்கில் தள்ளுபடிக்குப் பின்னான விலையைக் கண்டுபிடிப்பார். இரண்டு படிகள் கொண்ட சொற்கணக்கில் எந்தச் செயலை முதலில் செய்ய வேண்டும் என்று தேர்ந்துகொள்வார். அட்டவணையிலிருந்து தரவை எடுத்துச் சராசரி காண்பார்.” இவ்வளவு எழுதிய பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஏனெனில் கோடு போடுவதற்குத் தேவைப்படுபவர் ‘போதிய நிலை’யின் நடுவில் வசதியாக நிற்கும் மாணவர் அல்லர், அந்த நிலைக்குள் இப்போதுதான் ஒரு காலை வைத்திருப்பவர்.

அவரை எல்லைக்கோட்டு மாணவர் என்று அழைப்போம். அவருக்கென்று தனியாக ஒரு விளக்கம் எழுதப்பட வேண்டும். என் பார்வையில் கூட்டத்தின் நேரத்தில் மிகப் பெரும் பங்கு செலவாக வேண்டிய இடம் இதுதான். மேலே சொன்ன நிலைக்குள் அப்போதுதான் நுழையும் மாணவர், ஒரே அலகில் தந்தால் பரப்பைக் கண்டுவிடுவார். ஒரு பக்கம் மீட்டரிலும் மறுபக்கம் சென்டிமீட்டரிலும் இருந்தால் பல நேரம் தவறுவார். இரண்டு படிக் கணக்கில் முதல் படியைச் சரியாகச் செய்துவிட்டு, அந்த விடையையே இறுதி விடையாகக் குறித்துவிடுவதும் உண்டு. பின்னங்களைக் கூட்டுவார், பின்னத்தால் வகுப்பதில் தயங்குவார். இப்படிப் பத்து, பன்னிரண்டு வரிகள் எழுதி, அச்சிட்டு, ஒவ்வொருவர் மேசையிலும் வைத்துவிடுங்கள். பின்னால் எழும் எல்லா வாதங்களுக்கும் அந்தத் தாளே நடுவர்.

யாரை அழைப்பது

பன்னிரண்டுக்குக் குறையாமல், இருபதுக்கு மிகாமல் உறுப்பினர்கள் இருப்பது நல்லது. பதினாறு பேர் என்றால் நான்கு நான்காக நான்கு மேசைகளில் அமர்த்தலாம். மேசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும் அது வசதி. பெரும்பான்மையோர் அந்த வகுப்புக்கு அந்தப் பாடத்தை இப்போது கற்பிப்பவர்களாக இருக்க வேண்டும். ஒருவரிருவர் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களாக இருந்தால், அடுத்த வகுப்புக்குள் நுழையும் குழந்தைக்கு என்ன தேவை என்பதை அவர்கள் சொல்வார்கள். ஒரு சிறப்பாசிரியர், தமிழ்வழி ஆங்கிலவழி இரண்டிலும் கற்பிப்போர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர் ஆகியோர் இல்லாமல் குழுவை முழுமையானதாகக் கருத வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களின் கல்வியியல் துறையினரை அழைக்கலாம், ஆனால் ஓரிருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுப் பகுதியில் குழு அமைப்பதற்கு ஒரு தனிக் கவனம் தேவை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நகரத்தார் அறக்கட்டளைகள் தொடங்கிய பழைய உதவிபெறும் பள்ளிகள், பெரிய வகுப்புகளும் பாடத்துக்கொரு ஆசிரியருமாக இயங்குகின்றன. கண்ணங்குடி, எஸ்.புதூர் போன்ற ஒன்றியங்களின் உட்கிராமங்களில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து வைத்துக் கற்பிக்கும் சிறிய பள்ளிகள் இருக்கின்றன. இரு சாராரும் நேர்மையாகத்தான் மதிப்பிடுவார்கள். ஆனால் ‘எல்லைக்கோட்டு மாணவர்’ என்றதும் ஒவ்வொருவர் கண்முன்னும் தம் வகுப்பின் கடைசி பெஞ்சுக் குழந்தையே வந்து நிற்கும். நகரத்து ஆசிரியரின் கடைசி பெஞ்சும் உட்கிராமத்து ஆசிரியரின் கடைசி பெஞ்சும் ஒன்றல்ல. அதனால் ஒரு மேசையில் ஒரே வகைப் பள்ளியினர் சேர்ந்து அமராதபடி இருக்கைகளை முன்னதாகவே ஒதுக்கிவிட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் அடங்கும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும், செட்டிநாட்டுக்கு வெளியே மானாமதுரை, இளையான்குடி பக்கமிருந்தும் சிலரை அழைப்பது இந்தப் பார்வைக் குறுக்கத்தைத் தளர்த்தும்.

நாள் குறிக்கும்போது ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். மாசி-பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி என்று சாலைகள் நிறைந்திருக்கும் நாள்களில் கூட்டத்தை வைத்தால் பாதிப் பேர் பிற்பகலில்தான் வந்து சேர்வார்கள். மூன்று முழு நாள்கள் தேவை. மாலை அமர்வை நாலரை மணிக்கு முடித்துவிட்டால் உட்கிராமங்களுக்குச் செல்லும் ஆசிரியர்கள் பேருந்தைப் பிடிக்க முடியும். கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருப்பவர் எழுதும் மதிப்பீட்டை நம்ப முடியாது.

தேர்வை எழுதிப் பார்ப்பதும் மதிப்பிடுவதும்

வந்ததும் வினாத்தாளை ஆராயச் சொல்லாதீர்கள். மாணவர்களைப் போலவே நேரம் வைத்து, விடைக்குறிப்பு இல்லாமல், ஓஎம்ஆர் தாளில் எழுதச் சொல்லுங்கள். விடைகளை அவர்களே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண்ணை யாரும் கேட்கக் கூடாது. பல ஆண்டுகள் கற்பித்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வினாக்கள் பிடிகொடுக்காமல் போகும். ‘இது ரொம்ப ஈஸி’ என்ற பேச்சு அதோடு அடங்கிவிடும். கைபேசிகளை வாசலில் வாங்கி வைப்பதும், எண்ணிடப்பட்ட தாள்களைக் கையொப்பம் பெற்றுக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவதும் இங்கே சடங்கு அல்ல. இந்த வினாக்களில் சில அடுத்த ஆண்டும் தேவைப்படும்.

மதிப்பிடும் முறைகளில் உலகெங்கும் அதிகம் பயன்படுவது அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் வில்லியம் ஆங்காஃப் பெயரால் வழங்கும் முறை. 1971-இல் அவர் எழுதிய நீண்ட அத்தியாயம் ஒன்றின் அடிக்குறிப்பில்தான் இன்று நாம் கையாளும் வடிவம் இருக்கிறது. அந்த யோசனையும் தம் சக அறிஞர் லெட்யார்ட் டக்கருடையது என்று ஆங்காஃப் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருக்கிறார். முறை எளியது. ஒவ்வொரு வினாவுக்கும், கூட்டத்தை நடத்தும் கருத்தாளர் உறுப்பினர்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: “இந்த விளக்கத்தில் உள்ளதுபோல எல்லைக்கோட்டில் நிற்கும் நூறு மாணவர்கள் இந்த வினாவை எழுதினால், எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள்?” உறுப்பினர் ஒரு எண்ணை எழுதுவார். ஐந்து வினாக்களுக்கு 80, 65, 50, 40, 70 என்று எழுதினால் கூட்டுத்தொகை 305. நூறால் வகுத்தால் 3.05. அதாவது, அந்த ஐந்து வினாக்களில் எல்லைக்கோட்டு மாணவர் சராசரியாக 3.05 மதிப்பெண் பெறுவார் என்பது அந்த உறுப்பினரின் தீர்ப்பு. 40 வினாக்களுக்கும் இப்படிக் கூட்டினால் அவருடைய கட்-ஆஃப் கிடைக்கும். எல்லா உறுப்பினர்களின் கட்-ஆஃப்களுக்கும் சராசரியோ இடைநிலை அளவோ (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எடுத்தால் குழுவின் கட்-ஆஃப். ஓரிருவர் மிக உயரத்திலோ மிகத் தாழ்விலோ எழுதினாலும் இடைநிலை அளவு அசையாது என்பதால் நான் அதையே விரும்புவேன்.

கேள்வி ‘விடையளிப்பார்களா’ என்பது. ‘விடையளிக்க வேண்டுமா’ என்பதன்று. ஆசிரியர் மனம் இரண்டாவது கேள்விக்கே ஓடும். “எட்டாம் வகுப்பு வந்துவிட்டால் இதுகூடத் தெரியாதா?” என்ற குரல் மேசையில் எழுந்தால், எல்லைக்கோட்டு விளக்கத்தை எடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நான்கு விருப்பங்கள் கொண்ட வினாவில் ஒன்றும் தெரியாமல் குறித்தாலும் நூறில் இருபத்தைந்து பேருக்குச் சரியாகிவிடும் என்பதையும் நினைவூட்ட வேண்டும். 25-க்குக் கீழே எழுதுபவர், தவறான விருப்பம் ஒன்று மாணவரை எப்படி ஈர்க்கிறது என்று காரணம் காட்ட வேண்டும். எளிய வினாக்களில் மாணவர் திறனைக் குறைத்தும், கடினமானவற்றில் கூட்டியும் மதிப்பிடும் போக்கு மதிப்பீட்டாளர்களிடம் பொதுவாக உண்டு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. முதல் பத்து வினாக்களுக்கு எல்லா எண்களும் 50-க்கும் 70-க்கும் இடையிலேயே விழுந்தால் அந்தப் போக்கு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம். “6 மீட்டர் நீளமும் 4.8 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில் 30 செ.மீ. பக்கமுள்ள சதுரக் கற்கள் பதிக்க எத்தனை கற்கள் தேவை?” விருப்பங்கள் 36, 72, 96, 320. சரியான விடை 320. நீளவாக்கில் 20, அகலவாக்கில் 16. பரப்பைச் சரியாகக் கண்டு, அதைக் கல்லின் பக்க நீளத்தாலேயே வகுத்தவர் 96 என்று குறிப்பார். இருபதையும் பதினாறையும் கூட்டி நிறுத்தியவருக்கு 36. சுற்றளவு என்று நினைத்தவருக்கு 72. ஆத்தங்குடிப் பக்கத்து ஆசிரியர் இதற்கு 75 என்று எழுதலாம். வீட்டுக்கு வீடு கல் வார்ப்பதையும் பதிப்பதையும் பார்த்து வளரும் குழந்தை, ஒரு வரிசைக்கு இருபது, மொத்தம் பதினாறு வரிசை என்று விரல் மடக்கிச் சொல்லிவிடும் என்பது அவர் வாதம். எஸ்.புதூர் ஆசிரியர் 40 என்று எழுதலாம். இருவருமே தம் குழந்தைகளைச் சரியாக அறிந்தவர்கள். ஆனால் இது மாநிலத் தேர்வு. நீலகிரியிலும் வடசென்னையிலும் இருக்கும் எல்லைக்கோட்டு மாணவர் கல் பதிப்பதைப் பார்த்திருக்கத் தேவையில்லை. விளக்கத்துக்குத் திரும்பினால், அலகு மாற்றத்தில் பல நேரம் தவறுவார் என்றும், இரண்டு படிக் கணக்கில் முதல் படியோடு நின்றுவிடுவதுண்டு என்றும் நாமே எழுதியிருக்கிறோம். இந்த வினாவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே எண் 40-ஐ ஒட்டி இறங்குவதற்கே நியாயம் அதிகம். இப்படிப்பட்ட உரையாடல் ஒன்று நடந்துவிட்டால் குழு முறையைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று சுற்றுகள் நடத்துங்கள். முதல் சுற்றில் பேச்சு கிடையாது. ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு முன் எல்லோருடைய எண்களையும் பெயர் இன்றி, குறியீட்டெண்ணோடு மட்டும் திரையில் காட்டி, வேறுபாடு மிகுந்த வினாக்களை மட்டும் விவாதிக்க வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் தலைமையாசிரியரோ மூத்த பயிற்றுநரோ முதலில் வாய் திறந்துவிட்டால், “சார் சொல்றது சரிதான்” என்று மேசை முழுவதும் அடங்கிவிடும். பணியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்ற வரிசையைக் கருத்தாளர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நல்லது; மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எண்ணை மாற்றும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. ஒருமித்த கருத்து இந்தக் கூட்டத்தின் நோக்கமே அல்ல.

உண்மைத் தரவை எப்போது காட்டுவது என்பதில்தான் பல குழுக்கள் கெட்டுப்போகின்றன. ஒவ்வொரு வினாவையும் மாநில அளவில் எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்பதை முதல் சுற்றுக்குப் பிறகு தரலாம். அது எல்லா மாணவர்களின் சதவீதம், எல்லைக்கோட்டு மாணவர்களுடையது அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணையே பார்த்து எழுதிவிடுவார்கள். ‘இந்த கட்-ஆஃப் வைத்தால் மாநிலத்தில் இத்தனை சதவீதம் பேர் போதிய நிலைக்கு வருவார்கள்’ என்ற விளைவுத் தரவை இரண்டாம் சுற்று முடிந்த பிறகே காட்டுங்கள். அதற்கு முன் காட்டினால், எத்தனை பேர் தேற வேண்டும் என்ற விருப்பத்திலிருந்து பின்னோக்கி எண்ணைக் கணக்கிடும் வேலையாகிவிடும். மாவட்ட வாரியான தரவைக் குழுவிடம் எந்தச் சுற்றிலும் காட்டவே வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தின் இடம் எது என்று தெரிந்த பிறகு சிவகங்கை மாவட்ட ஆசிரியரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

வேறு முறைகள்

நெடுவினாக்களும் கலந்த தாளாக இருந்தால் ‘புக்மார்க்’ முறை பொருந்தும். லூயிஸ், மிட்சல், கிரீன் ஆகிய மூவர் 1996-இல் முன்வைத்த இம்முறையில், வினாக்கள் எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில், பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடப்படும். எல்லைக்கோட்டு மாணவர் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கும் முதல் பக்கத்தில் உறுப்பினர் அடையாளத் துண்டைச் செருகுவார். நாற்பது எண்கள் எழுதும் சோர்வு இல்லை. ஆனால் வினாக்களின் கடினத்தன்மையைப் பெரும் மாணவர் எண்ணிக்கையில் முன்கூட்டியே துல்லியமாகக் கணித்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வினாக்களின் கடினத்தில் பெரிய இடைவெளி இருந்தால் கோடும் அந்த இடைவெளிக்குள் எங்கோ மிதக்கும்.

ஆசிரியர்கள் தேர்வுக்கு முன்பே தம் மாணவர்களை விளக்கத்தின்படி இரண்டு குழுக்களாகப் பிரித்துத் தர, இரு குழுக்களின் மதிப்பெண் பரவல்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கட்-ஆஃபாகக் கொள்ளும் முறையும் உண்டு. இதைத் தனியாக நம்ப மாட்டேன்; ஆனால் ஆங்காஃப் குழு 23 என்று சொல்லி, இம்முறை 22 என்றோ 24 என்றோ சொன்னால் மனம் நிம்மதி அடையும். 30 என்று சொன்னால் விளக்கங்களை மீண்டும் திறக்க வேண்டும்.

எண்ணைச் சரிபார்த்தல்

பதினாறு பேரின் இறுதிக் கட்-ஆஃப்களுக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 2.4 என்று வைத்துக்கொண்டால், பதினாறின் வர்க்கமூலமான நான்கால் வகுக்க 0.6 கிடைக்கும். வேறொரு பதினாறு பேரை அழைத்திருந்தால் சராசரி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. இது ஒரு மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் தொடரலாம். இரண்டைத் தாண்டினால் குழு இன்னும் ஒரே மாணவரை மனத்தில் காணவில்லை என்று பொருள். இரண்டு மேசைகளைத் தனியாகவும் மற்ற இரண்டைத் தனியாகவும் கணக்கிட்டு, இரு பாதிகளும் நெருங்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மாணவர் பக்கத்தில் இருக்கும் பிழை இதைவிடப் பெரியது. தாளின் நம்பகத்தன்மைக் கெழு (மதிப்பெண்கள் எவ்வளவு சீரானவை என்பதை 0 முதல் 1 வரை காட்டும் எண்) 0.84, மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 7 என்றால், ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் உள்ள அளவீட்டுத் திட்டப் பிழை, அதாவது அது தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, 2.8. கட்-ஆஃப் 23 எனும்போது 22 எடுத்த குழந்தையையும் 24 எடுத்த குழந்தையையும் இரு வேறு நிலைகளில் உறுதியாகப் பிரித்துவிட்டதாக யாரும் கருதக் கூடாது. மாநில சதவீதத்துக்கு இந்தப் பிழை அவ்வளவாகத் தொல்லை தராது. தனி மாணவர் அட்டையில் நிலையை அச்சிட விரும்பினால், கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்கு ‘எல்லையில்’ என்று குறிப்பிடுவதே நேர்மை.

கட்-ஆஃப் 22.6 என்று வந்தால் 22-ஆ, 23-ஆ என்ற விதியைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நிலையை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்பதே இங்கு அளவுகோல். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. இந்த நிலைகள் உதவி வகுப்புக்கு ஆளைத் தேடும் கருவி மட்டும். உதவி தேவைப்படும் குழந்தையைத் தவறவிடுவது, தேவையில்லாத குழந்தைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கற்பிப்பதைவிடப் பெரிய இழப்பு. ஆகவே மேல்நோக்கி முழுமைப்படுத்தலாம். சான்றிதழையோ சேர்க்கையையோ முடிவு செய்யும் தேர்வானால் நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன்.

3, 5, 8 வகுப்புகளின் கோடுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஓர் அமர்வும் தேவை. மூன்றாம் வகுப்பில் அறுபது சதவீதம், ஐந்தில் இருபது, எட்டில் அறுபத்தைந்து என்று ‘போதிய நிலை’ ஏறி இறங்கினால், குழந்தைகள் நான்காம் வகுப்பில் மறந்து ஆறாம் வகுப்பில் நினைவுகூர்ந்தார்கள் என்று கொள்வதைவிட, ஐந்தாம் வகுப்புக் குழு கோட்டை உயர்த்திவிட்டது என்று சந்தேகிப்பதே முறை. மூன்று குழுக்களிலிருந்தும் மேசைத் தலைவர்களை அழைத்து விளக்கங்களை அருகருகே படிக்கச் சொல்லுங்கள். சதவீதங்களைச் சமன்செய்வதற்காகவே எண்ணை நகர்த்துவது கூடாது. விளக்கத்தில் காரணம் கிடைத்தால் மட்டுமே நகர்த்தலாம்.

குழு தருவது பரிந்துரை மட்டுமே. முடிவு மாநில அரசுக்கு உரியது. அரசு எண்ணை மாற்றினால், மாற்றியதும் காரணமும் அறிக்கையில் இருக்க வேண்டும். வட்டிக்கடைப் பேரேட்டில் ஒவ்வொரு பற்றும் வரவும் தேதியோடு ஏறியதுபோல, ஒவ்வொரு சுற்றின் ஒவ்வொரு எண்ணும், மேசைக் குறிப்பும், உறுப்பினர்கள் இறுதியில் நிரப்பும் கருத்துப் படிவமும் கோப்பில் ஏற வேண்டும். “பரிந்துரைத்த கட்-ஆஃபில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?” என்ற கேள்வி அந்தப் படிவத்தில் கட்டாயம் இடம்பெறட்டும். பதினாறில் ஐந்து பேர் நம்பிக்கை இல்லை என்று எழுதியிருந்தால் அதை மறைக்காமல் மேலே அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு இதே வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. புதிய தாளில் பழைய வினாக்கள் சிலவற்றை நங்கூர வினாக்களாக வைத்து, இரு தாள்களின் கடினத்தையும் சமன்படுத்தி, அதே கோட்டைப் புதிய மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்ளலாம்; தாள் எளிதானால் கட்-ஆஃப் 25 ஆகலாம், கடினமானால் 21 ஆகலாம், கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கும். இதற்காகத்தான் கைபேசிகளை வாசலில் வாங்கினோம்: நங்கூர வினா ஒன்று வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால், அதைப் பார்த்துப் பழகிய குழந்தைகளின் மதிப்பெண் மாநிலத்தின் முன்னேற்றமாகத் தவறாகப் பதிவாகும். பாடத்திட்டமோ கற்றல் விளைவுகளின் பட்டியலோ மாறினால் குழுவை மறுபடி கூட்டி, விளக்கங்களையும் கோடுகளையும் புதிதாக எழுத வேண்டும். அந்த ஆண்டு வெளியாகும் வரைபடத்தில் பழைய சதவீதத்தையும் புதியதையும் ஒரே கோட்டால் இணைக்காமல், இடைவெளி விட்டு, நிலைகள் மாற்றி வரையறுக்கப்பட்டன என்று அதன் அடியிலேயே அச்சிட வேண்டும்.